ஸ்டெல்லா மேடம் குடிக்கச் சொன்ன டீ

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், என் மருமகள் கலைவாணி, பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா. கலை போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "ஸ்டெல்லா மேடம் வேலூர் ஆஸ்பத்திரியிலயே போய்ட்டாங்களாம் அத்தே" என்றாள். நான் வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைய விளக்கை அவருக்காகவே ஏற்றினேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். என் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உங்கள் ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்கும் மேனேஜராக அவர் இருந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் கம்பெனி கேட்டைத் தாண்டியதில்லை. பள்ளிக்கூடமும் அதிகம் பார்க்கவில்லை; பேப்பர் படித்தே எழுதப் பழகியவள். நினைவுக் கூட்டத்தில் வாசிக்க எழுதித் தரச் சொன்னீர்கள். என் வீட்டுக் கூடத்தில் பார்த்த ஸ்டெல்லா மேடத்தைத்தான் என்னால் எழுத முடியும்.

கலை அப்போது ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் இருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் தாமதமாகப் போனவளை, புதிதாக வந்த சூப்பர்வைசர் பிரபு லைன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து கலை போகவில்லை. அந்த வாரமே மேடம் பிரபுவையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஒருவர் வேலையை விட்டால் அந்த லைன் சூப்பர்வைசர் நேரில் போய் ஏன் என்று கேட்க வேண்டும். திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சவும் கூடாது, தன் பக்கம் நியாயம் பேசவும் கூடாது. அது மேடம் கொண்டுவந்த வழக்கம்.

பிரபு உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "இல்லம்மா, டார்கெட் ஜாஸ்தி, மேலேருந்து எங்களுக்கும் பேஜாரு..."

"பிரபு, டீ ஆறுது. குடி. அவங்க பேசட்டும்" என்றார் மேடம்.

நான் பேசினேன். "ஏம்பா, நாலு பேர் முன்னாடி கத்துனா அவ இன்னா பண்ணுவா? அன்னிக்கு வந்து சோறுகூட சாப்டல." பிள்ளையின் காய்ச்சல், விட்டுப்போன கம்பெனி வேன், எல்லாம் சொன்னேன். பிரபு வாயைத் திறந்தபோதெல்லாம் மேடம் கண்ணால் டம்ளரைக் காட்டினார். டீ தீர்ந்த பிறகும் பாவம், வெறும் டம்ளரையே குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கலையைப் பார்த்து, "இனிமே எதா இருந்தாலும் தனியா கூப்ட்டு சொல்றேங்க்கா" என்றார்.

கலை திங்கட்கிழமை வேனில் ஏறினாள். அதன் பிறகு தெருவே என்னிடம் வந்தது. "வீட்டுக்கு வந்து கேக்கற கம்பெனியாமே, எம் பொண்ணையும் சேத்து வுடேன்" என்று முதலில் கேட்டவர் நூர்ஜஹான் அக்காதான். மற்ற கம்பெனிகளின் கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு வெளுத்துக்கொண்டிருந்த காலம் அது. "போர்டு மாட்டறதுக்கு முன்னாடி, போனவங்க ஏன் போனாங்கன்னு கேளுங்க" என்பார் மேடம்.

பிறகு கலையையே சூப்பர்வைசராக்கினார். "எனக்கு அதட்டத் தெரியாது மேடம்" என்று இவள் நடுங்கினாள். "அதட்ட நிறைய பேர் இருக்காங்க. கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார்.

கலை முதன்முதலாகக் கேட்கப் போனது ஆலங்காயம் பக்கம், வேலையை விட்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு. அந்தப் பெண்ணின் அப்பா, "இன்னா, ஆள் புடிக்க வந்தியா?" என்று தொடங்கிப் பொழுது சாயும்வரை திட்டிவிட்டு, கிளம்பும்போது தோட்டத்துப் புளியை ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "திட்டும் வாங்கிட்டு புளியும் வாங்கிட்டு வந்தியா? அப்போ நல்லாத்தான் கேட்டிருக்க." பாதிப் புளியை அவரே எடுத்துக்கொண்டார்.

இப்போது மேடத்தின் நாற்காலியில் பிரபுதான் இருக்கிறார். அடக்கத்தன்று அவர் அழுததைப் பார்த்தேன். ஆனால் அடுத்த வாரமே கலையிடம், "ஆர்டர் நெருக்கடி, லைனை வுட்டுப் போவாதீங்கக்கா, போன்ல கேட்டுக்கலாம்" என்றிருக்கிறார். கலை லைனில் சுமதி என்ற பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவளைப்போல் தைக்க அங்கே ஆளில்லை என்கிறாள் கலை. போன் அடித்தால் அவள் எடுப்பதில்லை.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை என் பதிலைத் தொண்டையிலேயே நிறுத்துவது. மாதக் கணக்கு எழுதும்போது மகன் சொல்லும் செலவுக்குக்கூட இப்போதெல்லாம் முழுசாகக் கேட்ட பிறகுதான் முகம் சுளிக்கிறேன்.

பிரபு தம்பி, இந்தக் கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். சுமதி வீட்டுக்குக் கலையை அனுப்புவீர்களா? அந்தப் பெண் வேறு கம்பெனி வேனில் ஏறுவதற்குள் பதில் சொல்லுங்கள்.