தையலக்காவின் உரப் பீப்பாய்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவது கஷ்டம். கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அவள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் தூளும் சிமெண்டும்தான் அங்கே மண். நட்ட கத்தரிக் கன்றுகள் சுருண்டு நின்றன. முதலில் மண்ணுக்குச் சோறு போட வேண்டும் என்று முடிவு கட்டினாள். பழைய பிளாஸ்டிக் பீப்பாயைச் சுற்றிலும் ஓட்டை போட்டு, காய்கறித் தோலைக் கொட்டத் தொடங்கினாள்.

ஈரக் குப்பையோடு காய்ந்த பொருளும் சேர வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கு அவளிடம் என்ன பஞ்சம்? தையல் மிஷினுக்கு அடியில் வெட்டுத் துணி மலையாகக் கிடந்தது. அள்ளி அள்ளிப் போட்டாள்.

சில வாரத்தில் நாற்றம் தெருவரை வீசியது.

"உன் புண்ணியத்துல டெப்போல என் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டேங்கறான்" என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

மாடி ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இந்தாம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். அப்பவும் நாறுச்சுன்னா பீப்பாயும் போகணும், செடியும் போகணும். அந்த இடத்துல சிமெண்டு பூசிடுவேன்."

"சரிங்கம்மா."

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை சண்டைக்கு நின்றிருப்பாள். அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பீப்பாயைக் கவிழ்த்தாள். தோலெல்லாம் கூழாகியிருந்தது. துணியை விரலால் நெருடிப் பார்த்தாள். பருத்தித் துண்டுகள் இழை இழையாகப் பிரிந்திருந்தன. பாலியஸ்டர் மட்டும் கத்தரிக்கோல் பட்ட விளிம்புகூட மாறாமல், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, காற்றுப் போக வழியில்லாமல் முண்டு முண்டாக அடைத்திருந்தது. சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"தொட்டதும் இன்ன நூலுன்னு சொல்ற ஆளு நீ. போடும்போது தெரியலையா?" என்றான் கணவன்.

"போடும்போது குப்பைன்னு நெனச்சேன். குப்பையை யாராவது தொட்டுப் பாப்பாங்களா?"

மறுநாள் அவன் டெப்போ மரத்தடியில் கூட்டி வைத்திருந்த சருகை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தான். "என்னன்னு கேட்டானுங்க. பொண்டாட்டிக்கு நகைன்னேன்."

அவள் சிரித்தாள். கூழையும் சருகையும் கலந்து நிரப்பி, தினமும் குச்சியால் கிளறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா கைக்குட்டையோடு இறங்கி வந்தார். திருடனைத் தேடுவதுபோல் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தார். ஈரச் சருகு வாசம்தான் வந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நாத்தம் இல்ல. ஆனா பாக்கச் சகிக்கலையே! ஜன்னலத் தொறந்தா இதுதான் மூஞ்சில அடிக்குது."

கணவன் வாயைத் திறந்தான். தையலக்கா அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"உங்க ஜன்னல் திரை என்ன கலருங்கம்மா?"

"நீலம். எதுக்குக் கேக்கற?"

பொழுது சாய்வதற்குள் பீப்பாய் நீலச் சட்டை போட்டு நின்றது. ஓட்டை இருந்த இடத்திலெல்லாம், சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பதுபோல், காற்றுக்காகக் காஜா எடுத்திருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"கழுத்துகிட்ட கொஞ்சம் லூசா இருக்கே" என்றார்.

"புடிச்சுடறேம்மா" என்று தையலக்கா ஊசியில் நூல் கோத்தாள்.