புகாரே வராத தண்ணீர்

எங்கள் சித்தப்பா குடிநீர்த் தொட்டியில் ஆபரேட்டர். பம்பைப் போட்டு, தண்ணீர் ஏறியதும் குளோரின் மருந்து கலப்பது அவர் வேலை. எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை அவரை விட்டுப் போகாது. "வாங்க, நீச்சல்குளம் வந்தாச்சு" என்று சித்தி கிண்டலடிப்பாள்.

அந்த வாடைதான் தெருவுக்கு ஆகவில்லை. தண்ணீரில் விஷத்தைக் கலக்கிறார்கள் என்று ஆள் மாற்றி ஆள் போன் போட்டார்கள். அலுவலகத்துக்கோ புகார் வராத தண்ணீர்தான் நல்ல தண்ணீர். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்களேன், என் தலைவலி தீரும்" என்றார் இன்ஜினியர். சித்தப்பா முதலில் மசியவில்லை. ஆனால் பிரசவத்துக்கு வந்திருந்த மகள், டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாலே ஓங்கரித்தாள். பெற்ற மனசு கேட்குமா? குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார்.

"இப்பதாம்ப்பா தண்ணி தண்ணியா இருக்கு" என்று அவள் செம்பு செம்பாகக் குடித்தாள். தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

மழைக்குப் பிறகு நாலைந்து வீடுகளில் மஞ்சள் காமாலை. முனையில் நின்ற ஜூஸ் வண்டிதான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அதிகாரிகளும் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டாத மகளுக்கும் கண் மஞ்சளானது.

"சரியா மருந்து கலக்காத தண்ணியால வர்றது இது. மாசமா இருக்கறவங்களுக்கு ரொம்ப ஆபத்து" என்றார் டாக்டரம்மா. சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்தே இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"சார், மருந்தை உடனே ஏத்தச் சொல்லுங்க சார்."

"ஒரு புகாரும் இல்லையேப்பா. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

அவருக்குப் பதில் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் குறைத்த அளவையே போட்டுக்கொண்டிருந்தான்.

மகளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு யாரோ குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். வாடையே இல்லை. விருட்டென்று எழுந்து ஒவ்வொருவர் கையிலிருந்தும் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"குடிக்காதீங்க! ஐயோ, யாரும் குடிக்காதீங்க!"

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார்கள். நாலு பேர் அவரை அமுக்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, "ஒரு வாய் குடிங்கண்ணே, படபடப்பு அடங்கும்" என்று அந்தக் குடத்துத் தண்ணீரையே அவர் வாயில் ஊற்றினாள்.