பி.டி. சார் என்னைப் பாராட்டிய நாள்

எங்கள் பி.டி. சார் வாயைத் திறந்தால் மாட்டுத் தொழுவம்தான். எருமை, பன்னி, சோத்து மூட்டை என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியின் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு அவருடைய விசில் சத்தம் கேட்கும். ஏழு மணிக்குள் எங்களில் ஒருத்தியும் மனுஷப் பிறவியாக மிஞ்சியிருக்க மாட்டாள்.

"ஏ எரும! கல்யாண வீட்டுக்கா நடந்து போற? தின்ன சோறு அம்புட்டும் எங்க போச்சு?"

எருமை நான்தான். எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். இதைக் கேட்டு நான் அழுதேன் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் மைதானத்துப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். சந்தோஷமாக ஓடினேன். சார் திட்டினால் அணியில் இடம் இருக்கிறது. இனிக்க இனிக்கப் பேசினால் கதை முடிந்தது. உயரம் தாண்டுகிற பிள்ளை ஒருத்தியை ஒருநாள் கூப்பிட்டு, "நல்லாத் தாண்டுறம்மா, அருமை. உடம்பப் பாத்துக்க" என்றார். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு போனாள். மறுநாள் அவளுடைய பனியனை வேறொருத்தி போட்டிருந்தாள். மனசு நோகாமல் அனுப்புகிறாராம், பெரிய தர்மவான்! அதற்கப்புறம் அவர் சிரித்தாலே நாங்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நழுவிவிடுவோம்.

வீடும் லேசுப்பட்டதல்ல. அப்பாவுக்கு எங்கள் ஊர் அகரத்தில் பூந்தோட்டம். சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் முதல் கேள்வி இதுதான்.

"சார் இன்னைக்குத் திட்டுனாரா தாயி?"

"திட்டுனாருப்பா."

"அப்பச் சரி."

மகளை ஊரான் ஒரு வார்த்தை சொன்னால் வேட்டியை மடித்துக்கட்டுகிற மனுஷன், வாத்தியார் ஏசினால் மட்டும் நிம்மதியாகக் காபி குடிப்பார்.

பன்னிரண்டாம் வகுப்பில் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "ஸ்டேட்டுக்குப் போனயின்னா விளையாட்டுக் கோட்டாவுல காலேஜு. இல்லேன்னா பூப்பறிக்க வந்துரணும். ஒன் மார்க்குதான் ஊருக்கே தெரியுமே." மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள்தான் மாநிலத்துக்குப் போகலாம். என் படிப்பு அந்த இரண்டு இடத்துக்குள் இருந்தது.

போட்டி அன்றைக்கு இரண்டாவது சுற்றில் பாதி தாண்டும்போது நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். மைதானத்து ஓரத்தில் பந்தல். உள்ளே சிறப்பு விருந்தினர், பக்கத்தில் எங்கள் தலைமை ஆசிரியை, சுற்றிலும் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிற கூட்டம். பந்தலை ஒட்டிக் கடைசி வளைவில் சார் புதுச் சட்டை போட்டு நின்றார். என் காது எருமைக்காகக் காத்திருந்தது. அந்த ஒரு சொல் விழுந்திருந்தால் போதும், முன்னால் ஓடியவளையும் பிடித்திருப்பேன்.

"அருமைம்மா! நல்லா ஓடுறம்மா! அப்பிடித்தான்!"

அடப்பாவி மனுஷா!

கால் கனத்துவிட்டது. என்னையும் அணியிலிருந்து தூக்கிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. ஓடிக்கொண்டிருப்பவளை எப்படித் தூக்க முடியும் என்று யோசிக்கிற அறிவு அந்த மூச்சிரைப்பில் யாருக்கு இருக்கும்? திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். போன்களுக்கு நேராகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலாவதாக வந்தேன்.

சார் என்னைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அங்கே விருந்தினரும் இல்லை, போனும் இல்லை.

"எரும! எரும மாடே! ரெண்டாவதா வந்தவ எதுக்குடி திரும்பிப் பாத்த? தூங்கிட்டியா?"

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, சார் என்னைக் கைவிடவில்லை! நான் சிரித்துவிட்டேன். தோற்றுப்போய்ச் சிரிக்கிறாளே என்று அவர் இன்னும் நாலு சேர்த்துத் திட்டினார். அத்தனையையும் ஆசையாக வாங்கிக்கொண்டேன். இப்படியும் ஒரு பைத்தியக்காரி.

பூ மார்க்கெட்டை முடித்துக்கொண்டு வந்த அப்பா மைதானத்து வாசலில் வண்டியோடு நின்றார்.

"சார் என்ன சொன்னாரு தாயி?"

"திட்டுனாருப்பா."

"அப்பச் சரி." முகமெல்லாம் சிரிப்பாக வண்டியை எடுத்தார். ஸ்டேட்டுக்குப் போகப் புதுப் பை வாங்க வேண்டும், வெளியூர்ச் சோறு எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வீடு நெருங்கித் தாடிக்கொம்பும் வந்துவிட்டது.

"நாலாவதுப்பா" என்றேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"பரவால்ல தாயி. நீ நல்லாத்தான் ஓடிருப்ப."

என் படிப்பு முடிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.