நான் பார்க்காத முகம்

தங்க வயல் சுரங்கத்தில் "வுழுது!" என்று யாராவது கத்தினால் மேலிருந்து பாறை சரிகிறது என்று அர்த்தம்; நாங்கள் அண்ணாந்து பார்க்க மாட்டோம். கண்ணை மூடிச் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். அப்படித்தான் உயிர் பிழைத்திருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையின் நீராவிப் படகுக்குக் கரி போட என்னையும் என் தங்கை புருஷன் முனுசாமியையும் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். நடு ஏரியில் படகு சட்டென்று திரும்பியது. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டுப் படகு டிரைவர், "ஆளு வுழுந்துட்டான்!" என்று கத்தினார். பழக்கதோஷம், நான் கண்ணை மூடிப் பலகையோடு ஒட்டிக்கொண்டேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் முனுசாமி இல்லை; படகு வெகுதூரம் வந்திருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்.

"எந்த எடத்துலடா? பக்கத்துல நீதான இருந்த, பாக்கலியா?" என்றார் டிரைவர்.

முனுசாமி உயிரோடு கிடைக்கவில்லை. தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கடைசியா அவரு மூஞ்சி எப்படிண்ணா இருந்துச்சு?"

இப்போதெல்லாம் சுரங்கத்தில் யார் கத்தினாலும் நான் அண்ணாந்து பார்த்துவிடுகிறேன்.