மச்சாளும் இரண்டு கத்திகளும்

பச்சைத் துணி விரித்த மேசையில் கடைக்காரர் அந்த இரண்டு கத்திகளையும் பக்கம் பக்கமாக வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டும் மடக்க முடியாதவை, காட்டுக்கும் மலைக்கும் கொண்டுபோகிறவை, உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பெரியதன் அலகு ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். மற்றது உள்ளங்கை அகலத்தோடு இரண்டு விரல் கூட, அவ்வளவுதான். சுவிஸில், லோசான் நகரத்தில், ஏற்றமான ஒரு தெருவில் இருந்த சின்னக் கடை அது. என்னோடு வந்திருந்தவர் என் மனைவியின் அக்கா. அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மச்சாள் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவர். அவருடைய கணவர், எங்கள் அத்தான், காலமாகி நாலு வருடம். மகன் பேர்னில் படிக்கிறான். வீடு வெறுமையானதும் மற்றவர்களைப் போல தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் குந்தாமல், அவர் நடக்கத் தொடங்கினார். முதலில் ஏரிக்கரை, பிறகு ஊருக்கு மேலே இருக்கிற காடு, பிறகு பஸ் ஏறிப் போய் யூரா மலை. எந்தப் பஸ் எந்த நிமிடம் எங்கே நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஐம்பது வயதாகும்போது அந்த மலைமுகட்டில் மூன்று நாள் தனியாக நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைச் சொன்ன அன்று வீட்டில் ஒரு செத்தவீடே நடந்தது. என் மனைவி அழுதாள். சூரிச்சிலிருந்து அவர்களுடைய மூத்த அண்ணை தொலைபேசியில் கத்தினார். பொம்பிளை ஒருத்தி காட்டுக்குள் தனியப் படுத்தால் ஆக்கள் என்ன கதைப்பார்கள் என்பது அவருடைய கவலை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் பஸ் தரிப்பிடத்துப் பனியில் வழுக்கி விழுந்து மச்சாளின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அது எல்லாருக்கும் நல்ல சாட்டாகப் போய்விட்டது.

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. மச்சாள் ஒரு நாள் என்னோடு மலைக்கு வந்து, எல்லாம் தானே செய்து காட்ட வேண்டும். நான் பார்த்துவிட்டு வந்து, விடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டில் பிறந்தவன், படைச் சேவையும் முடித்தவன், அதனால் எனக்குக் காடு தெரியும் என்று குடும்பம் நம்பியது. நானும் நம்பினேன் என்பதுதான் வெட்கம். படையில் நான் இருந்தது கணக்கர் அறையில். மச்சாள் சிரித்துக்கொண்டே, "லைசென்ஸ் டெஸ்ட் மாதிரி. தம்பி பக்கத்து சீட்டில இருந்து மார்க்ஸ் போடுவார்" என்றார். சிரித்தாரே தவிர, அந்த மூன்று நாள் அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அத்தானின் நோய், மகனின் படிப்பு, இரண்டு வேலை என்று போன வருடங்களில் அவர் தனக்கென்று கேட்ட முதல் விசயம் அதுதான்.

அந்த ஆயத்தத்தில்தான் கத்திக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரிய கத்தியைக் கைப்பிடிப் பக்கமாக நீட்டினார். மச்சாள் வாங்கவில்லை, மேசையைத் தட்டிக் காட்டினார். கைக்குக் கை கத்தி மாறினால் சண்டை வரும் என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். கடைக்காரர் குழம்பிப்போய்க் கீழே வைத்தார். நான் அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு பகிடி விட்டேன். மச்சாள் கவனிக்காமல் கத்தியை எடுத்து, முறிந்து பொருந்திய கையால் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு மற்றதை எடுத்தார். பெருவிரலை அலகின் முதுகில் வைத்து, காற்றில் எதையோ சீவினார். முகம் தெளிந்துவிட்டது.

"இதால உருளைக்கிழங்கும் சீவலாம், சுள்ளியும் சீவலாம் தம்பி. அதால ஆடுதான் வெட்டலாம்."

நான் விடுவேனா? பெரிய கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து மேலே தடியால் அடித்தால் விறகு பிளக்கும், தனியாகப் போகிற ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு, சின்னது பழம் வெட்டத்தான் லாயக்கு என்று பத்து நிமிடம் பிரசங்கம் வைத்தேன். இரண்டு இரவு இணையத்தில் வாசித்த அறிவு அது. பெரியதை நானே வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். "சரி தம்பி" என்றார். அவர் "சரி" சொன்னால் கதை முடியவில்லை என்பதை என் மனைவியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை. அவருக்குப் பாரமாக இருக்கும் என்று, அவருக்கு வாங்கிக் கொடுத்த கத்தியை நானே இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸால் இறங்கியதும் தூறல் தொடங்கியது. மச்சாள் முன்னால் நடந்தார். வேகமுமில்லை, மெதுவுமில்லை, இரண்டு மணித்தியாலமும் ஒரே சீர். நான்தான் மூச்சு வாங்கினேன். மத்தியானம் ஒரு நீரோடைப் பள்ளத்துக்கு மேலே, கல் வட்டம் கட்டிய நெருப்பிடத்துக்கு வந்தோம். பிட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்திருந்தார். அதைச் சூடாக்கி, தேத்தண்ணியும் வைப்பது திட்டம். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. நான் இதற்காகவே பிறந்தவன் போல ஒரு மொத்தக் கட்டையைத் தெரிந்தெடுத்து, கத்தியை அதன் தலையில் வைத்து அடிக்கத் தொடங்கினேன். பாதியில் இறுகிவிட்டது. அடித்தும், உதைத்தும், கட்டையோடு தூக்கி நிலத்தில் குத்தியும் ஒருவழியாக இழுத்தெடுத்தபோது கை விறைத்து, மூக்குக்கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி புகாராக மூடியிருந்தது.

"கொண்டாங்கோ தம்பி, நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றார் மச்சாள்.

கடையில் பகிடி விட்ட அதே நான், யோசிக்கவே இல்லை, கையில் கொடுக்காமல் பக்கத்துப் பாறையில் வைத்தேன். பாசி பிடித்த, மழையில் நனைந்த, பள்ளத்தைப் பார்த்துச் சரிந்த பாறை. கத்தி அமைதியாக வழுக்கிக்கொண்டு போனது. எட்டிப் பிடிக்கப் பாய்ந்தேன். கத்தியும் கிடைக்கவில்லை, கால் இரண்டு கல்லுக்கு நடுவே மடங்கிவிட்டது. கீழே எங்கேயோ டங், டங் என்று இரண்டு தரம் கேட்டது. பிறகு ஓடைச் சத்தம் மட்டும்தான்.

மச்சாள் சிரிக்கவில்லை. என்னை இருத்தி, சப்பாத்தைக் கழற்றி, கணுக்காலை அமத்திப் பார்த்து, முறிவு இல்லை என்றார். தன் சால்வையால் இறுக்கிக் கட்டினார். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து, அடியிலிருந்து உறையோடு அந்தச் சின்னக் கத்தியை எடுத்தார். கடைக்குப் போன அடுத்த கிழமையே தனியாகப் போய் வாங்கியிருக்கிறார்! அவர் பெரிய கட்டை எதையும் தொடவில்லை. ஊசியிலை மரங்களின் அடியில், மழை படாமல் காய்ந்து நிற்கிற விரல் மொத்தச் சுள்ளிகளை முறித்து வந்தார். ஈரப் பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த வெள்ளை மரத்தைச் சுருள் சுருளாக, நுனியில் அறுந்து விழ விடாமல், பூப்போலச் சீவினார். அந்த நலிந்த மணிக்கட்டில் ஒரு அவசரமும் இல்லை. இரண்டாவது தீக்குச்சியில் நெருப்புப் பிடித்தது. எனக்குத் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, விழுந்து கிடந்த ஒரு கொம்பின் கிளைகளைக் கழித்து ஊன்றுகோலும் செய்தார். நான் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு வியந்து பார்த்ததில்லை.

இறங்க மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் மச்சாளின் தோள். பஸ்ஸில் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீங்கின காலோடு நான் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? ஆம்பிளைக்கே இந்தக் கதியென்றால் அக்கா தனிய எப்படி என்று மனைவி கேட்பாள். அண்ணைக்கு வேறு சாட்சியே தேவையில்லை. என் மடைத்தனத்துக்கு மச்சாளின் மூன்று நாள் பலியாகிவிடும். பாதை மோசம், மழை, வழுக்கிவிட்டேன் என்று சொன்னால் என் மானம் தப்பும், அவருடைய பயணம் போய்விடும். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "என்ன சொல்லுவியளோ சொல்லுங்கோ தம்பி, நான் குறுக்க கதைக்க மாட்டன்" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. அன்று முழுக்க அவர் குரலில் அந்த நடுக்கம் வரவில்லை. பாவமாக இருந்தது.

கதவைத் திறந்த மனைவி காலைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். "பாத்தியளோ, நான் சொன்னனான்தானே!" என்று தொடங்கியவளை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். பிரசங்கம், இறுகின கட்டை, பாறை, டங் டங், பைக்குள் இருந்த மற்றக் கத்தி, ஒன்றையும் மறைக்கவில்லை. சூரிச்சுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார். "கையில குடுத்திருந்தா சண்டைதானே மச்சான் வந்திருக்கும், கத்தியெண்டாலும் மிஞ்சியிருக்கும்" என்றார். இன்றைக்கும் கலியாணவீடுகளில் ஆக்களைக் கூட்டி வைத்து அதைச் சொல்கிறார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "வடிவாச் சொல்லுங்கோ. அக்காவைத் தனிய விடலாமோ?" என்று கேட்டாள்.

"அக்காவை விடலாம்," என்றேன். "என்னைத்தான் விடக் கூடாது."

இந்த ஆனி மாதம் மச்சாள் போனார். முதல் நாள் பின்னேரம் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மனைவி குசினிக்கும் யன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நானும் பயந்துதான் இருந்தேன், காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் தொலைபேசி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா! இறங்கிட்டியளோ? எந்த பஸ்ஸில வாறியள்?"

எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள். காற்று பலமாக அடிக்கிற சத்தத்துக்குள் மச்சாளின் குரல் தெளிவாக வந்தது.

"இன்னும் இறங்கேல்லை. நல்லாயிருக்கு. ஒரு நாள் கூட நடக்கப் போறன்."

அவர் கேட்கவில்லை, சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, நடந்திட்டு வாங்கோ" என்றாள்.