பனி இருமல்

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை. உள்ளே என் மகள் ரோசியின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை. விடாத காய்ச்சலில் கழுத்து விறைத்து, என்னையே அடையாளம் தெரியாமல் கிடந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வைக் காசநோய்க் கிருமி தாக்குவது) என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“வீட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்குதுங்களா?”

“யாருக்கும் இல்லைங்க” என்றேன்.

என் மனைவி லூர்து திரும்பிப் பார்த்தாள். “ஏனுங்க, உங்களுக்குத்தான் நொம்ப நாளா இருமுதுங்களே?”

“அது பனிதான புள்ள.”

நான் பொய் சொல்லவில்லை. சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். குளிர்கால இருமலை எங்கள் மலையில் யாரும் நோயில் சேர்ப்பதில்லை. பனி பிடித்திருக்கிறது என்போம், சுக்குக் காப்பி குடிப்போம், வேலைக்குப் போவோம். அந்தப் பனி ரோசிக்கும் பிடித்துவிடக் கூடாதென்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைக் கிழித்து அடைத்தவனும் நான்தான். காற்றுப் புகாத அந்த அறையில் என்னை ஒட்டித்தான் அவள் படுப்பாள்.

என் சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி இருந்தது.

“தெரியாமத்தானுங்க நடந்தது” என்றார் டாக்டரம்மா. நல்ல மனதோடுதான் சொன்னார். இன்றுவரை அது எனக்கு உதவவில்லை.

எனக்கு மாத்திரைகள் கொடுத்தார்கள். இருமல் நின்ற பிறகும் நிறுத்தாமல் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிட்டேன்; இந்த நோய் வந்தால் நீங்களும் அப்படியே சாப்பிடுங்கள். எனக்குப் பசி வந்தது, எடை கூடியது. எஸ்டேட்டில் எல்லோரும் முகம் தெளிந்துவிட்டது என்றார்கள். தேறி வருவதற்காக ஒருவன் வெட்கப்பட முடியும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

ரோசி பிழைத்தாள். ஆனால் காது மந்தமாகிவிட்டது; முகம் பார்த்துப் பேசினால்தான் அவளுக்குப் புரியும். நோயால் போனதா, ஸ்ட்ரெப்டோமைசினால் போனதா (காசநோய்க்குப் போடும் ஊசி; சிலருக்குக் காது நரம்பைக் கெடுக்கும்) என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதுவானாலும் தொடக்கம் என் நெஞ்சில்தான்.

மூச்சு என் சொந்த விஷயம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் குழந்தை உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். குணமாகிப் பல வருடம் ஆகியும் அது போகவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலும் எல்லாக் காலத்திலும் திறந்தே கிடக்கிறது.

ரோசி இப்போது பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். போன மார்கழியில் ஒரு காலை, வெள்ளையாகப் பனி உள்ளே வந்தது. படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“அப்பா, உங்களுக்குப் பனி ஆகாதே” என்றாள்.

“சாத்தாத, கண்ணு” என்றேன்.

அவள் முதுகு என் பக்கம் இருந்தது. எனக்காகப் பார்த்துப் பார்த்து, இரண்டு கதவையும் இறுக்கிச் சாத்தினாள்.