செம்பனைக்குள் ஒரு வேனுக்கு வழி: பகாவ் தோட்டத்தைப் பூமி உருண்டையில் ஒட்டிய கதை

இந்த முறை மலை ஏறவோ அருவியில் குளிக்கவோ போகவில்லை. ஒரு வேனுக்கு வழி காட்டப் போனேன். என் அம்மாவின் தம்பி சவரிமுத்து மாமா பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டவுனில் உள்ள மையத்தில் அவருக்கு டயாலிசிஸ் என்ற இரத்தச் சுத்திகரிப்பு. மையத்தின் வேன்தான் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி வருவார்கள். மூவருமே வீட்டுக்கு வராமல், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று ஹார்ன் அடிப்பார்கள். மாமா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போவார். சிகிச்சை முடிந்து களைத்து வரும்போது அதே பாதையில் இறங்குவார்.

போன மாதம் அப்படி இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். அத்தை ஓட்டுநரைத் திட்ட, ஓட்டுநர் மையத்தில் சொல்ல, அங்கிருந்து பதில் வந்தது: வீட்டுக்குச் சரியான வழி தெரியாவிட்டால் வேன் இனி தோட்டத்துக்குள்ளேயே வராது, மாமாதான் மெயின் ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். மெயின் ரோடு நான்கு கிலோமீட்டர். ஓட்டுநர்களில் இளையவரான சசியை ஃபோனில் பிடித்தேன். லுக்குட் ஊர்க்காரர், இந்தப் பக்கத்துக்குப் புதியவர்.

"அக்கா, உள்ள பூந்தா எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்குலா. போன தடவ வேன் சேத்துல மாட்டிக்கிச்சு. அவங்க அனுப்புன இடத்த மேப்ல போட்டா டேங்க்தான் காட்டுது. நான் என்னா பண்றது?"

"திங்கக்கிழமைக்குள்ள நான் மேப் தரேன். செவ்வாக்கிழம வீட்டு வாசலுக்கே வாங்க" என்றேன்.

வாய்ச்சவடால் இல்லை. இந்த வலைப்பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். கைப்பேசியில் படம் எடுக்கும்போது, எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். அந்தப் படங்களைக் கணினியில் சுழலும் பூமி உருண்டையில் இறக்கினால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்காரும். நான் ஏறிய மலைகளெல்லாம் அப்படித்தான் உருண்டையில் ஏறியிருக்கின்றன. ஒரு தோட்டம் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

கிளம்புவதற்கு முன் அத்தையிடமும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் நான்கு வீட்டாரிடமும் அவரவர் வீட்டு இடத்தை அனுப்பச் சொன்னேன். உருண்டையில் போட்டுப் பார்த்தால் ஐந்து வீடும் குன்றின் உச்சியில், ஒன்றன்மேல் ஒன்றாக! இரண்டு வருடத்துக்கு முன் மறுநடவு நடந்து உள்பாதைகள் எல்லாம் மாறிவிட்டன. வீடுகளையும் மேலே மாற்றிவிட்டார்களோ என்று ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மம்பாவிலிருந்து காரை எடுத்தேன். சிரம்பான் தாண்டி, கோலப்பிலா வழியாக பகாவ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். முப்பது ரிங்கிட் பெட்ரோல் போய்வரத் தாராளம். காலைப் பசிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக் டீயும் டவுனிலேயே முடித்துக்கொள்ளுங்கள், உள்ளே கடை கிடையாது. தோட்டத்து வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். படம் எடுக்க நிர்வாகியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். தோட்டத்தின் பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார்.

அத்தை அனுப்பிய இடத்தைப் பின்பற்றி ஓட்டினேன். கார் நேராகக் குன்றில் ஏறித் தொட்டி முன்னால் நின்றது. வீடு இல்லை, நிழல் இல்லை. தொட்டிக்கு அருகில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடந்தது. கீழே, மரங்களுக்கு நடுவே தகரக் கூரைகள் தெரிந்தன. அங்கிருந்து அத்தை கையை ஆட்டிக் கத்தினார்.

"ஏய் ஸ்டெல்லா! வீடு இங்க இருக்கு, நீ அங்க என்னா பண்ற?"

"நீங்கதான அத்தை இந்த இடத்த அனுப்புனீங்க?"

"வீட்டுல ஏது லைன்? ஃபோன் பேசணும்னா எல்லாரும் டேங்க் கிட்டதான் ஏறுவோம். அங்க நின்னுதான் அனுப்புனேன்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. லயத்து வீடு அத்தனையும் அப்படித்தான். வீட்டு முகவரி கேட்டால் குன்றில் ஏறிப்போய், அங்கே நின்று, 'இதுதான் என் வீடு' என்று அனுப்பியிருக்கிறார்கள். வரைபடம் நின்ற இடத்தைச் சொல்லும், மனதில் நினைத்த இடத்தைச் சொல்லாது. பாவம், ஓட்டுநர்கள் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

காரை அங்கேயே விட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கி வீட்டுக்குப் போனேன். "சரி மாமா, வேன் வர வழிய நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு மோட்டார் போற குறுக்குவழிதான்மா தெரியும். வேன் அதுல எறங்குனா அப்பறம் டிராக்டர் வெச்சுத்தான் இழுக்கணும்."

பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவர். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜாகா கொட்டகையிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஏழு முச்சந்திகள். ஒவ்வொன்றிலும் இறங்கிப் படம் எடுத்தேன். மாமா வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் பார்த்தால் முதல் மூன்று படமும் ஜாகா கொட்டகை மேலேயே குவிந்து கிடந்தன! அடர்ந்த மட்டைகளுக்குக் கீழே கைப்பேசிக்கு வானம் சரியாகத் தெரியவில்லை. அது பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு பதிந்துவிட்டது. லயத்துக்காரர்களைக் கிண்டல் செய்த வாய்க்கு இது வேண்டியதுதான்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு முச்சந்தியிலும், இடம் துல்லியமாகி, திரையில் என்னைச் சுற்றியிருக்கும் நீல வட்டம் சுருங்கும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். மரத்தை எடுத்துப் பயனில்லை என்று புரிந்தது. பழக்குலை அடுக்கும் மேடை, பாலத்துக்கு முன் கவிழ்த்து வைத்த நீல டிரம், வேலி ஓரத்துச் சூலக்கல் என்று, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கண்ணில் படுவதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

பாதையைக் கோடாக இழுத்து, படங்களை அதில் கோத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினேன். அதை அனுப்பத்தான் வீட்டில் லைன் இல்லையே. கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் குன்றில் ஏறி அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கோப்பு ஏற இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எனக்கே தலை சுற்றியது. ஏறி வந்த மூச்சு அடங்கவும், இறங்கும் முன் களைப்பு ஆறவும் மாமா இந்த நாற்காலியில்தான் வாரத்துக்கு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். நான் மலை மலையாகப் படம் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே வர ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்கவில்லை. நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

மாலை டவுனில் சசியைப் பார்த்துக் கோப்பை அவர் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தேன். லைன் இல்லாமலும் திறக்கும்படி செய்தேன். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நீல டிரம்மா! இத நான் பாத்திருக்கேன்லா அக்கா. இதுகிட்டதான் தப்பா திரும்புனேன்." மற்ற இரண்டு ஓட்டுநர்களுக்கும் அவரே ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

உங்கள் ஊருக்கும் இப்படிச் செய்யப் போகிறீர்களா? கைப்பேசியின் கேமராவில் இடப்பதிவு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். செய்திச் செயலியில் படமாக அனுப்பினால் இடக்குறி பெரும்பாலும் உதிர்ந்துவிடும், கோப்பாக அனுப்புங்கள். அடுத்தவர் வீட்டைப் பதிவதற்கு முன் அவரைக் கேளுங்கள், கோப்பைத் தேவைப்படுகிறவருக்கு மட்டும் கொடுங்கள். உருண்டையில் தெரியும் வான்படம் பழையதாக இருக்கலாம், மறுநடவு செய்த தோட்டத்தில் அதை நம்பி வண்டியை விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் புள்ளியை வீட்டு வாசலில் நின்று போடுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எட்டு மணிக்கு வேன் நீல டிரம் அருகே வந்தது, தயங்கியது, சரியான பக்கம் திரும்பியது. வாசலுக்கு வந்து சசி ஹார்ன் அடித்ததும் அத்தை சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா நிலைப்படியிலிருந்து நான்கே எட்டில் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

"திரும்பி வரப்பவும் இங்கயே எறக்கி விடுவியா தம்பி?"

"இங்கயேதான் அங்கிள்."

"அப்ப ஒரு ஒதவி பண்ணுலா. போற வழியில டேங்க் கிட்ட ஒரு நிமிசம் நிப்பாட்டு. என் நாற்காலி அங்க இருக்கு."

மதியம் வேன் திரும்பி வந்தபோது நாற்காலியும் கூடவே இறங்கியது. மாமா அதை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படியே ஒரு படம் எடுத்து, கோப்பில் இருந்த வீட்டுப் படத்தை மாற்றி, ஓட்டுநர்களுக்கு மறுபடி கொடுத்துவிட்டேன். இப்போது மூன்று ஓட்டுநர்களும் கதவு எண்ணைத் தேடுவதில்லை. சிவப்பு நாற்காலியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துகிறார்கள்.